மாயகோவ்ஸ்கயா மெட்ரோ ஸ்டேஷன்: அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

மாஸ்கோல படிச்ச வருஷங்கள்ல நான் அடிக்கடி ஏறி எறங்குன ஸ்டேஷன் இது. போட்டோவ காட்டினா எல்லாரும் கேக்குற மொத கேள்வி, இது ஸ்டேஷனா அரண்மனையாங்கிறதுதான். அங்கருந்தே ஆரம்பிக்கிறேன், மத்ததெல்லாம் அதுக்கு பின்னாடி தானா வரும்.

இது ஸ்டேஷனா, அரண்மனையா?

மாஸ்கோ மெட்ரோவுல அரண்மனை மாதிரி ஸ்டேஷன் நெறைய இருக்கு, தங்க முலாம், சரவிளக்கு, சிலைன்னு. மாயகோவ்ஸ்கயாவ அந்த வரிசைல சேக்க எனக்கு மனசு வராது. அரண்மனைல மொதல்ல சுவர கட்டிட்டு அப்புறம் அழக கொண்டுவந்து ஒட்டுவாங்க. இங்க மண்ணோட பாரத்த தாங்குற தூணும் வளைவும்தான் அழகு, அத மறைக்காம அதுக்கு ஒரு மெல்லிசான உலோகத் தோல் மட்டும் போத்தி விட்டிருக்காங்க. இந்த ஸ்டேஷன பத்தி யார் கேட்டாலும் நான் இத சொல்லாம விடமாட்டேன். பூமிக்கு அடியில நிக்கிறோங்கிற நெனப்பே வராம பண்ணிருக்கான் மனுஷன், அதுவும் 1938ல.

எங்க இருக்கு? எந்த லைன்?

மாஸ்கோ நடுவுல, த்வெர்ஸ்கயா தெருவும் சதோவயே வட்டச் சாலையும் சந்திக்கிற எடத்துல த்ரியும்ஃபால்னயா சதுக்கம் இருக்கு, அதுக்கு அடியில. மேப்ல பச்சை கலர்ல இருக்கிற ரெண்டாம் நம்பர் லைன், ஸமஸ்க்வரேத்ஸ்கயா லைன்னு பேரு. ஒரு பக்கம் பெலருஸ்கயா, இன்னொரு பக்கம் த்வெர்ஸ்கயா.

இதுல ஒரு சின்ன சங்கதி, ஆரம்பத்துல நடுவுல த்வெர்ஸ்கயா ஸ்டேஷனே கிடையாது, இங்கருந்து கெளம்பினா அடுத்து நேரா இப்போ தியத்ரால்னயான்னு சொல்ற ஸ்டேஷன்தான். 1979லதான் ஓடிட்டு இருந்த சுரங்கத்துக்கு நடுவுல புதுசா அந்த ஸ்டேஷன நுழைச்சாங்க. ஓடுற லைன்ல அப்படி ஒரு வேலை பாக்குறது எவ்ளோ கஷ்டம்னு கட்டுமானத் துறைல இருக்கிறவங்களுக்கு சொல்லவே வேண்டாம்.

எப்போ தொறந்தாங்க?

1938 செப்டம்பர் 11. மாஸ்கோ மெட்ரோவோட மொத கட்டம் 1935 மே 15ல 13 ஸ்டேஷனோட, பதினோரு கிலோமீட்டர் சொச்சம் நீளத்துல தொறந்துச்சு, அதுக்கு மூணு வருஷம் கழிச்சு ரெண்டாம் கட்டத்துல வந்தது இது. அன்னைக்கு தொறந்த பகுதில சோகல், ஏரபோர்த், தினாமோ, பெலருஸ்கயா, மாயகோவ்ஸ்கயா, இப்போதைய தியத்ரால்னயான்னு ஆறு ஸ்டேஷன். பக்கத்துல ஒரு ஸ்டேஷன் பேரே ஏர்போர்ட்டுனு இருக்கிறத கவனிங்க, அந்தப் பக்கம் கதீன்கா விமானத் தளம் இருந்துச்சு, பின்னாடி மொசைக் பத்தி பேசும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

கவிஞர் மாயகோவ்ஸ்கி பேரா?

ஆமா, அவரேதான். விளாதிமிர் மாயகோவ்ஸ்கி, 1893ல ஜார்ஜியால பொறந்தவர், 1930 ஏப்ரல்ல தற்கொலை பண்ணிக்கிட்டார். 1935ல மேல இருக்கிற சதுக்கத்துக்கு அவர் பேர வெச்சாங்க, ஸ்டேஷனுக்கும் அதே பேரு வந்துச்சு. 1992ல சதுக்கத்துக்கு பழைய பேர திருப்பி குடுத்துட்டாங்க, ஆனா ஸ்டேஷன் பேர மாத்தல. சதுக்கத்துல அவரோட சிலை ஒண்ணு இருக்கு, 1958ல வெச்சது.

பேருக்கும் கட்டடத்துக்கும் பொருத்தம் இருக்கான்னு கேட்டா இருக்குன்னுதான் சொல்வேன். எதிர்காலம், மெஷின், வேகம், இரும்புன்னு எழுதித் தீத்த ஆளுக்கு இரும்பால ஆன ஸ்டேஷன்.

எவ்ளோ ஆழம்? அவ்ளோ ஆழத்துல இவ்ளோ மெல்லிசான தூண் எப்படி தாங்குது?

சுமார் 33 மீட்டர் ஆழம். பத்து மாடி வீட்ட தலைகீழா மண்ணுக்குள்ள எறக்கி வெச்ச மாதிரி. தாங்குறது எப்படிங்கிறதுதான் இந்த ஸ்டேஷனோட உயிர், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன், பொறுமையா படிங்க.

ஆழமான ஸ்டேஷன்னா மூணு பெரிய குழாய பக்கத்து பக்கத்துல படுக்க வெச்ச மாதிரி நெனச்சுக்கோங்க. ஓரத்துல ரெண்டுலயும் ரயில் வரும், நடுவுல இருக்கிறது ஜனங்க நடக்குற ஹால். பழைய முறைல இந்த மூணு குழாயும் தனித்தனியா நிக்கும், நடுவுல இருக்கிற தடிமனான சுவர்ல இங்கொண்ணு அங்கொண்ணா வாசல் மாதிரி வெட்டி விடுவாங்க, மிஞ்சி நிக்கிற சுவர்த்துண்டு ஒவ்வொண்ணும் ஒரு ரூம் அளவுக்கு பருமனா இருக்கும். அதுக்கு பைலான் ஸ்டேஷன்னு பேரு. கட்டுறது பத்திரம், ஆனா உள்ள நின்னா குகைக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கும், நடு ஹால்ல இருந்து ரயில் வந்திருக்கான்னு கூட சட்டுனு தெரியாது.

மாயகோவ்ஸ்கயாவுக்கும் மொதல்ல அப்படி பருமனா ஒரு திட்டம்தான் இருந்துச்சு. கட்டடக் கலைஞர் அலெக்ஸி துஷ்கின் கைக்கு வந்தப்புறம் அது மாறிடுச்சு. மூணு குழாயையும் தனித்தனியா விடாம ஒண்ணோட ஒண்ணு சேத்து, வளைவோட கால் வந்து எறங்குற எடத்துல சுவர எடுத்துட்டு எஃகு தூண நிறுத்துறது. தூணுக்கு மேல நீளவாக்குல எஃகு உத்திரம் ஓடும், வளைவு பாரத்த உத்திரத்துக்கு குடுக்கும், உத்திரம் தூணுக்கு குடுக்கும், தூண் கீழ அடித்தளத்துக்கு எறக்கிடும். வளைவுன்னா பாரத்த கீழ மட்டும் தள்ளாது, பக்கவாட்டுலயும் உதைக்கும், இங்க பக்கத்து வளைவும் நடு வளைவும் எதிரெதிரா முட்டி நிக்கிறதால அந்த உதை பெரும்பாலும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சுடும், தூண் மெலிசா இருக்க முடியுறதுக்கு அதுவும் ஒரு காரணம். கேக்க சுலபமா இருக்கு, ஆனா மேல இருக்கிற மண்ணு, பாறை, தண்ணி எல்லாத்தோட எடையும் அந்த ஒல்லி தூண்கள் மேல வந்து ஒக்காரும், எங்கயாவது கணக்கு தப்புனா அவ்ளோதான். உலகத்துலயே ஆழத்துல கட்டுன மொத தூண் வகை ஸ்டேஷன் இதுதான்னு சொல்வாங்க. அதுக்கு முன்னாடி தூண் வெச்ச ஸ்டேஷன் எல்லாம் தரைக்கு பக்கத்துல, மேலருந்து பள்ளம் தோண்டி கட்டுனது.

பலன் என்னன்னா, பிளாட்பார்ம்ல எந்த எடத்துல நின்னாலும் மூணு பகுதியும் ஒரே ஹாலா தெரியும். ரெண்டு பக்கமும் ரயில் வர்றது, போறது, ஜனங்க எறங்குறது எல்லாம் ஒரே பார்வைல. முதல் தடவ எஸ்கலேட்டர்ல எறங்கி வந்து பாத்தப்போ, கீழ வந்துட்டோம்னு மூளை சொல்லுது, கண்ணு நம்பல, அந்த நிமிஷம் எனக்கு இன்னும் நல்லா ஞாபகம் இருக்கு.

துஷ்கின் வேற என்ன கட்டிருக்கார்?

1904ல பொறந்தவர், இந்த ஸ்டேஷன் தொறக்கும்போது 34 வயசு. அதுக்கு முன்னாடியே 1935ல க்ரபோத்கின்ஸ்கயா ஸ்டேஷன கட்டிருந்தார், அதுல தூணோட உச்சிலயே வெளக்க ஒளிச்சு வெச்சு, தூண்ல இருந்தே வெளிச்சம் பொங்கி கூரைக்கு போற மாதிரி பண்ணிருப்பார். ப்ளோஷத் ரெவல்யூத்ஸியும் அவரோடதுதான், 76 வெண்கலச் சிலை இருக்கிற ஸ்டேஷன், ஜனங்க வேண்டிக்கிட்டு நாயோட மூக்க தொட்டு தொட்டு அது மட்டும் தங்கம் மாதிரி மின்னும். அப்புறம் அவ்தஸவோத்ஸ்கயா, கலர் கண்ணாடி ஓவியம் இருக்கிற நொவஸ்லபோத்ஸ்கயா, தரைக்கு மேல வந்தா தேத்ஸ்கி மீர்னு குழந்தைங்க சாமான் விக்கிற பெரிய கடை.

வரிசையா பாத்தா வெளிச்சத்த வெச்சு வேலை பாக்குறதுல இந்த ஆளுக்கு இருந்த ஆசை புரியும். சூரியனே எட்டிப் பாக்காத எடத்துல வெளிச்சம் ஒரு கட்டுமானப் பொருள், செங்கல் சிமெண்ட் மாதிரி.

தூண் மேல பளபளன்னு இருக்கிறது என்ன? வெள்ளியா?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வரி வரியா மடிப்பு வெச்சு உருட்டுன தகடு, தூண் கால்ல ஆரம்பிச்சு வளைவோட போயி அந்தப் பக்கம் தூண்ல எறங்குது. மாஸ்கோவுக்கு வடக்க தோல்கப்ரூத்னின்னு ஒரு ஊர், அங்க ஏர்ஷிப், அதாவது வாயு நெரப்பி பறக்குற பெரிய ஆகாயக் கப்பல் செய்யுற தொழிற்சாலை இருந்துச்சு. அந்த மாதிரி அகலமான தகட்ட துல்லியமா உருட்டுற மெஷின் அங்க இருந்ததால ஸ்டேஷனுக்கு வேண்டியத அங்கயே செஞ்சு வாங்குனாங்க. ஆகாயத்துல பறக்குற கப்பல் செய்யுற கை, பூமிக்கு அடியில இருக்கிற தூணுக்கு சட்டை தெச்சுக் குடுத்திருக்கு, எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் இது.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன், பாரம் தாங்குறது உள்ள இருக்கிற கனமான எஃகு, வெளிய தெரியுற தகடு மேல்தோல். ஆனா தோல் எலும்போட வடிவத்த அப்படியே காட்டுது, மறைக்கல. பாரம் எந்த வழியா எறங்குதுன்னு அந்த மடிப்பு கோட்ட கண்ணால தொடர்ந்தாலே தெரிஞ்சுடும்.

தூணோட கீழ்ப்பகுதில செவப்பா இருக்கிற கல்லு?

ரோடோனைட், உரால் மலைல கெடைக்கிறது. ரோஜா நெறத்துல கருப்பு நரம்பு ஓடும். அந்தக் காலத்துல நகை, பூச்சாடிக்கெல்லாம் பயன்படுத்துன கல்லு. எஃகோட குளிர்ச்சிக்கு பக்கத்துல இந்த செவப்பு ஒரு சூட்ட குடுக்கும். தரையும் சுவரும் பளிங்கு, தரைல வேற வேற நெற பளிங்க வெட்டி கட்டம் கட்டமா கோலம் மாதிரி போட்டிருப்பாங்க.

மொசைக் இருக்குன்னு சொல்றாங்க, போட்டோல தெரியலையே?

நெறைய பேர் நேர்ல போயும் பாக்காம வந்துடறாங்க, அதான் சோகம். நடு ஹாலோட கூரைல வரிசையா முட்டை வடிவத்துல குழி குழியா இருக்கும், சின்ன சின்ன கோபுரக் கூரைன்னு சொல்லலாம், சுத்தி வெளக்கு. அந்தக் குழிக்குள்ள இன்னும் ஆழமா ஒரு முட்டை வடிவம், அதுக்குள்ளதான் மொசைக். தூரத்துல இருந்து பாத்தா வெளக்கு வட்டம் மட்டும்தான் தெரியும், நேரா அடியில போயி நின்னு தலைய நிமித்தினாதான் படம் தெரியும்.

இது குறைன்னு சொல்றவங்களும் இருக்காங்க, படம் வரைஞ்சவருக்கே தன்னோட வேலை இப்படி ஒளிஞ்சு போனதுல வருத்தம் இருந்துச்சுன்னும் சொல்வாங்க. எனக்கு வேற மாதிரி தோணும். கிணத்துக்கு அடியில நின்னு மேல பாத்தா வட்டமா ஒரு துண்டு வானம் தெரியும்ல, அது மாதிரி. படத்த எல்லாம் கீழருந்து அண்ணாந்து பாக்குற கோணத்துலயே வரைஞ்சிருக்காங்க, அதனால கூரைல ஓட்டை போட்டு வெளிய வானத்த பாக்குற மாதிரியே இருக்கும். தலைக்கு மேல 33 மீட்டர் மண்ணுங்கிறது அங்க மறந்து போயிடும்.

படத்துல என்னென்ன இருக்கு? ஏன் எல்லாமே வானம்?

வரைஞ்சவர் அலெக்சாந்தர் தெய்னெகா, 1899ல பொறந்த ஓவியர். தலைப்பு, சோவியத் வானத்தோட ஒரு முழு நாள். காலைல தொடங்கி, பகல், சாயங்காலம், ராத்திரி, மறுபடியும் காலைன்னு ஹால் நீளத்துக்கு ஒரு நாள் போகும். இப்போ 34 மொசைக் இருக்கு. விமானம், பாராசூட்ல எறங்குறவங்க, ஏர்ஷிப், பனிச்சறுக்குல தாவுற ஆள், கோல ஊணி ஒசரம் தாண்டுறவன், உருக்கு உலையோட செவந்த வெளிச்சம், ராத்திரி வானத்துல கிரெம்ளினோட ஸ்பாஸ்கயா கோபுரம்.

ஏன் வானம்னா, அப்போ அந்த நாடே வானத்த பாத்துட்டு இருந்த காலம். 1937 ஜூன்ல வலேரி ச்கலோவும் கூட ரெண்டு பேரும் மாஸ்கோல கெளம்பி வட துருவத்துக்கு மேல நிக்காம பறந்து அமெரிக்கால வான்கூவர்னு ஒரு ஊர்ல போயி எறங்குனாங்க, 63 மணி நேரம். பாராசூட் குதிக்கிறது வேலைக்கு போற பசங்க பொண்ணுங்க எல்லாம் கிளப்ல சேந்து கத்துக்குற விளையாட்டா இருந்துச்சு. இதே லைன்ல ரெண்டு மூணு ஸ்டேஷன் தள்ளி விமானத் தளம். அப்புறம் இன்னொண்ணு, பூமிக்கு அடியில இருக்கிறவனுக்கு எது இல்லையோ அதத்தானே காட்டணும்.

மொசைக்க உண்மைல செஞ்சது யாரு?

இந்த கேள்விய யாரும் கேக்க மாட்டேங்குறாங்க, ஆனா கேக்கணும். தெய்னெகா வரைஞ்சது பெயிண்டிங், அத ஆயிரக்கணக்கான கண்ணாடித் துண்டா மாத்துனது லெனின்கிராத்ல, அதாவது இப்போதைய பீட்டர்ஸ்பர்க்ல இருந்த விளாதிமிர் ஃப்ரோலோவோட பட்டறை. ஸ்மால்ட்னு ஒரு கண்ணாடி, ஒளி ஊடுருவாத கலர் கண்ணாடி, அத சின்ன சின்னதா ஒடைச்சு அடுக்கணும். ஃப்ரோலோவ் பரம்பரைக்கு அதான் தொழில், புரட்சிக்கு முன்னாடி பீட்டர்ஸ்பர்க்ல ரத்தத்தின் மேல் மீட்பர்னு சொல்ற அந்த பெரிய சர்ச்சோட மொசைக்ல எல்லாம் அவங்க கை இருக்கு.

அப்புறம் போர் வந்துச்சு, லெனின்கிராத்த ஜெர்மன்காரங்க சுத்தி வளைச்சாங்க, ஊருக்குள்ள சாப்பாடு இல்ல, கரண்ட் இல்ல. அந்த நெலமைலயும் ஃப்ரோலோவ் தெய்னெகாவோட இன்னொரு வரிசை மொசைக்க முடிச்சார், வேற ஸ்டேஷனுக்காக. முற்றுகைல இருந்த ஊர்ல இருந்து அத லதோகா ஏரி வழியா வெளிய கொண்டு வந்தாங்க. 1942ல ஃப்ரோலோவ் முற்றுகைக்குள்ளயே செத்துப் போனார். அந்த மொசைக் இப்போ நொவகுஸ்னேத்ஸ்கயா ஸ்டேஷன் கூரைல இருக்கு, அதே பச்சை லைன்ல இங்கருந்து மூணாவது ஸ்டேஷன். மாயகோவ்ஸ்கயா பாக்கப் போறவங்க அப்படியே ரயில் ஏறி அதையும் பாத்துட்டு வாங்க, தயவு செஞ்சு.

நியூயார்க்ல பரிசு வாங்குச்சாமே?

1939 நியூயார்க் உலகக் கண்காட்சில சோவியத் அரங்கத்துக்குள்ள இந்த ஸ்டேஷனோட ஒரு பகுதிய நெஜ அளவுலயே கட்டி வெச்சாங்க. அதுக்கு கிராண்ட் ப்ரீ பரிசு கெடைச்சுது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பாரிஸ் கண்காட்சில துஷ்கினோட க்ரபோத்கின்ஸ்கயாவும் இதே மாதிரி பரிசு வாங்கியிருந்துச்சு.

போர்ல குண்டு போட்டப்போ இங்க ஒளிஞ்சு இருந்தாங்களா?

ஆமா. 1941 ஜூலை 21 ராத்திரி மாஸ்கோ மேல மொத பெரிய குண்டுவீச்சு. அதுக்கப்புறம் ராத்திரி ஆனா ஜனங்க குழந்தை குட்டியோட, போர்வையோட மெட்ரோக்குள்ள எறங்கிடுவாங்க, பிளாட்பார்ம்லயும் ட்ராக் மேலயும் பலகை போட்டு படுப்பாங்க. மெட்ரோக்குள்ளயே 217 குழந்தைங்க பொறந்துச்சுன்னு ஒரு கணக்கு பரவலா சொல்வாங்க, அது எல்லா ஸ்டேஷனும் சேத்து.

அக்டோபர் நடுவுல நெலம ரொம்ப மோசமாகி, எதிரி கைக்கு போகக் கூடாதுன்னு மெட்ரோவயே அழிக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. அக்டோபர் 16 காலைல மெட்ரோ ஓடல, கதவு பூட்டி கெடந்துச்சு. அன்னைக்கே உத்தரவ திரும்ப வாங்கி சாயங்காலம் ரயில் மறுபடி ஓடுச்சு. ஒரு நாள் முந்தியோ பிந்தியோ நடந்திருந்தா நாம இத பத்தி பேசிட்டு இருக்க மாட்டோம்.

ஸ்டாலின் இங்க பேசினாருன்னு படிச்சேன், உண்மையா?

உண்மை. 1941 நவம்பர் 6. வருஷா வருஷம் புரட்சி நாளுக்கு முந்தின நாள் பெரிய கூட்டம் நடக்கும், அந்த வருஷம் ஜெர்மன் படை மாஸ்கோவுல இருந்து நூறு கிலோமீட்டருக்கும் கொறவான தூரத்துல நிக்குது, தரைக்கு மேல கூட்டம் போட்டா குண்டு விழும். அதனால கூட்டத்த மாயகோவ்ஸ்கயாவுக்குள்ள எறக்குனாங்க. ஹால் ஒரு முனைல மேடை, நாற்காலி வரிசை வரிசையா. ஒரு பக்கம் ட்ராக்ல ரயில நிறுத்தி அதோட பெட்டிங்கள கோட்டு வைக்கிற எடமாவும் பலகார எடமாவும் மாத்திட்டாங்க, இன்னொரு பக்கம் ட்ராக்ல ரயில்லயே ஸ்டாலின் வந்து எறங்கினார். பேச்சு ரேடியோல போச்சு. மறுநாள் செஞ்சதுக்கத்துல அணிவகுப்பு, அதுல நடந்து போன சிப்பாய்ங்க அப்படியே போர்முனைக்கு போனாங்க.

ஆழமான ஸ்டேஷன் வேறயும் இருந்துச்சு, ஏன் இதுங்கிறதுக்கு எனக்கு தோணுற காரணம் மேல சொன்ன தூண்தான். பருமனான சுவர் இருக்கிற ஸ்டேஷன்ல அத்தன பேர ஒக்கார வெச்சா பாதி பேருக்கு மேடையே தெரியாது. இங்க மூணு பகுதியும் ஒரே ஹால்.

ஸ்டாலின் காலத்து பிரச்சாரத்த இப்படி ரசிக்கலாமா?

நியாயமான கேள்வி, நானும் எனக்குள்ள நெறைய தடவ கேட்டிருக்கேன். இந்த ஸ்டேஷன் கட்டுன 1937, 1938 ரெண்டு வருஷமும் அந்த நாட்டுல ராத்திரில கதவ தட்டி ஆளத் தூக்கிட்டுப் போன வருஷங்கள், லட்சக்கணக்குல ஜனங்கள சுட்டாங்க. கூரைல இருக்கிற வானத்துல அது எதுவும் கெடையாது, எல்லாரும் சிரிச்சுட்டு பாராசூட்ல எறங்குறாங்க. அந்தப் பொய்ய தெரிஞ்சுக்கிட்டுத்தான் பாக்கணும். மெட்ரோவுக்கே அப்போ ககனோவிச் பேரு, ஸ்டாலினோட வலது கை, 1955 வரைக்கும் அவர் பேர்லதான் இருந்துச்சு.

ஆனா அந்த தூண கணக்கு போட்ட இன்ஜினியர், கண்ணாடித் துண்ட அடுக்குன கை, பாறைய வெட்டுன ஆளு இவங்க வேலை உண்மையான வேலை. அது அரசாங்கத்துக்கு சொந்தம்னு விட்டுக்குடுக்க எனக்கு மனசில்ல. வேலைக்கு போற சாதாரண ஆளு தெனமும் நடந்து போற எடத்துக்கு இவ்ளோ கவனத்த குடுத்தாங்கங்கிறதும் உண்மைதான்.

அப்புறம் ஏன் இதே மாதிரி கட்டல?

போருக்கு அப்புறம் ரசனை மாறிடுச்சு, வெற்றிக் கொண்டாட்டம், தடி பளிங்கு, தங்கம்னு ஸ்டேஷன் எல்லாம் உண்மையாவே அரண்மனை ஆச்சு. அப்புறம் 1955 நவம்பர்ல, ஸ்டாலினுக்கு அப்புறம் வந்த குருஷ்சோவ் காலத்துல கட்டடங்கள்ல தேவையில்லாத ஆடம்பரத்த ஒழிக்கணும்னு ஒரு தீர்மானம். செலவு கொறைக்கணும், வீடு கட்டணும், அதுல நியாயம் இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் வந்த ஸ்டேஷன் பலதும் ஒரே அச்சு, ரெண்டு வரிசை சதுரத் தூணு, டைல்ஸ், ஜனங்க அதுக்கு பூரான்னு பேரே வெச்சுட்டாங்க, அத்தன காலு. துஷ்கினுக்கும் அந்த தீர்மானத்தோட பெரிய வேலை எல்லாம் கை விட்டுப் போச்சு, 1977ல காலமானார். மாயகோவ்ஸ்கயா கட்டுன ஆள ஆடம்பரக்காரர்னு ஒதுக்குனது பெரிய அநியாயம்னு நான் நெனைக்கிறேன், அங்க எடுத்து வீச ஒண்ணுமே இல்ல, தூண எடுத்தா கூரை விழும்.

ரெண்டு வாசல் இருக்கே, எது பழசு?

சைக்கோவ்ஸ்கி கச்சேரி ஹால் கட்டடத்துல இருக்கிறது பழைய வாசல். வடக்குப் பக்கம் புது வாசல் 2005 செப்டம்பர்ல தொறந்தாங்க. புது வாசலோட கூரைலயும் வானம் மொசைக் இருக்கு, இவான் லூபென்னிகவ்னு ஒரு ஓவியரோடது, மாயகோவ்ஸ்கியோட கவிதை வரிங்கள வானத்துல செதறவிட்டிருப்பார். பாரிஸ் மெட்ரோல மாதலேன் ஸ்டேஷன்ல இருக்கிற கோழி கண்ணாடி ஓவியமும் அவரோடதுதான். தெய்னெகாவ காப்பி அடிக்காம அதே பேச்ச வேற கொரல்ல தொடர்ந்த மாதிரி இருக்கு, எனக்கு புடிக்கும்.

தூண்ல காசு உருட்டுறாங்களாமே?

வளைவுல இருக்கிற எஃகு மடிப்பு ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் வரைக்கும் அறுபடாம போகுதுல்ல, அந்தப் பள்ளத்துல காச வெச்சு வேகமா சுண்டினா வளைவு மேல ஏறி அந்தப் பக்கம் எறங்கும்னு மாஸ்கோ பசங்க சொல்வாங்க. அதே பள்ளத்துல மொகத்த வெச்சு மெதுவா பேசினா எதிர்த் தூண்கிட்ட காத வெச்சிருக்கிறவருக்கு கேக்கும்னும் சொல்வாங்க. பேசிப் பாருங்க, காச விட்டுடுங்க, தகட்டுல கீறல் விழும், 1938ல உருட்டுன தகடு அது, பாதுகாக்கப்பட்ட சின்னமும் கூட.

எப்போ போனா நல்லா பாக்கலாம்?

மெட்ரோ காலைல அஞ்சரைல இருந்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஓடும். காலைலயும் சாயங்காலமும் வேலை நேரக் கூட்டத்துல போகாதீங்க, நடு ஹால்ல நின்னு தலைய நிமித்தினா பின்னாடி வர்றவங்க மேல இடிப்பாங்க, அவங்கள சொல்லி குத்தமில்ல. ராத்திரி பதினோரு மணிக்கு மேல போங்க, இல்ல ஞாயித்துக்கெழமை விடியக்காலைல. உள்ள வர்றதுக்கு ஒரு தடவ டிக்கெட் எடுத்தா போதும், வெளிய போகாத வரைக்கும் எவ்ளோ நேரம் வேணா சுத்தலாம்.

ரயில்ல வந்தீங்கன்னா அறிவிப்பு கொரல கவனிங்க, ஊர் நடுவுக்கு போற ரயில்ல ஆம்பள கொரல், நடுவுல இருந்து வெளிய போற ரயில்ல பொம்பள கொரல், எந்தத் திசைல போறோம்னு கண்ண மூடிட்டே தெரிஞ்சுக்கலாம்.

எறங்கினதும் உடனே போட்டோ எடுக்காதீங்க. ஹாலோட ஒரு முனைக்கு போயி, முதல் குழிக்கு நேர் அடியில நின்னு தலைய நிமித்துங்க, பாத்து முடிச்சுட்டு அடுத்ததுக்கு நகருங்க. 34ம் பாக்க அரை மணி நேரம் ஆகும், கழுத்து வலிக்கும். நடுவுல பெஞ்சுல கொஞ்சம் ஒக்காந்துக்கலாம். விடியல்ல ஆரம்பிச்சு நடந்தீங்கன்னா ராத்திரியெல்லாம் தாண்டி அந்த முனைக்கு போறப்போ மறுபடி வெளிச்சம் வந்திருக்கும்.